வெளிச்சப் பாட்டில், இருட்டுப் பாட்டில்: குளத்து நீரில் ஆக்சிஜன் மாற்றத்தை அளக்கும் செய்முறைப் பதிவு

குளத்தில் கரைந்த ஆக்சிஜன் இப்போது எவ்வளவு என்று தெரிய ஒரு பாட்டில் தண்ணீர் போதும். நான்கு மணி நேரத்தில் அது எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று தெரிய ஒன்பது பாட்டிலாவது வேண்டும். சில குளங்களில் அதுவும் பத்தாது. காரணம் எளிய கழித்தல்தான். 6.25இலிருந்து 5.45ஐக் கழித்தால் 0.80. அந்த இரண்டு பெரிய எண்களில் ஒட்டியிருந்த பிழையெல்லாம் மிச்சமிருக்கும் சின்ன எண்ணின் தலையில் வந்து விழும். ஆகவே இந்த வேலையில் ரசாயனம் பாதி, பாட்டில்களை எப்படி நிரப்புவது, எந்த வரிசையில் டைட்ரேட் செய்வது (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பது), எத்தனை வைப்பது என்ற திட்டம் மீதிப் பாதி. வழக்கமான செய்முறைப் புத்தகங்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன.

முறை பழையது. 1927இல் கார்டர், கிரான் என்ற இருவர் நார்வேயின் ஓஸ்லோ ஃபியோர்டில் மிதவைப் பாசிகளின் உற்பத்தியை அளக்கப் பயன்படுத்தியது. ஒரே தண்ணீரை மூன்று வகைப் பாட்டில்களில் பிடிக்க வேண்டும். முதல் வகையில் உடனே ஆக்சிஜனைக் கட்டிவிட வேண்டும் (அளவு மேலும் மாறாதபடி ரசாயனம் விட்டு வீழ்படிவாகப் பிடித்துவைப்பது), இது ‘முதல்’. இரண்டாவது வகை தெளிந்த கண்ணாடி, குளத்துக்குள் தொங்கும், உள்ளே ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் சேர்ந்து நடக்கும். மூன்றாவது, வெளிச்சம் புகாதபடி மூடியது. அதில் சுவாசம் மட்டும். முதலிலிருந்து இருட்டைக் கழித்தால் சுவாசம். வெளிச்சத்திலிருந்து முதலைக் கழித்தால் நிகர உற்பத்தி. வெளிச்சத்திலிருந்து இருட்டைக் கழித்தால் மொத்த உற்பத்தி. கீழே வரும் அளவுகள் ஊருக்குள் இருக்கும் பச்சை படர்ந்த கோயில் குளம், சாக்கடை கலக்கும் ஏரி ஓரம் போன்ற, பாசி மிகுந்த நன்னீருக்குப் பொருந்துபவை.

முதலில் ஒத்திகை

குளத்தில் பாட்டில் தொங்கவிடுவதற்கு முன், கை எவ்வளவு சீராக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீரிலிருந்து ஆறு பாட்டில் நிரப்பி, ஆறையும் உடனே கட்டி, டைட்ரேட் செய்து திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கணக்கிடுங்கள். ஆறிலும் இருப்பது ஒரே தண்ணீர். வரும் வேறுபாடு முழுக்க நிரப்புவதிலும் டைட்ரேஷனிலும் உள்ளது. பழகிய கைக்கு அது லிட்டருக்கு 0.1 மி.கி. அளவிலோ அதற்குக் கீழோ வர வேண்டும். 0.3 வந்தால் குளத்துக்குப் போவதில் அர்த்தமில்லை. எங்கே சிதறுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நிரப்பும்போதுதான்.

திட்ட விலக்கம் 0.10 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் 2 பாட்டில் வைத்தால், இரண்டு சராசரிகளுக்கு இடையே 0.43 மி.கி.க்குக் குறைந்த மாற்றத்தை 95 சதவீத நம்பிக்கையோடு ‘மாற்றம்’ என்று சொல்ல முடியாது. 3 பாட்டில் வைத்தால் அந்த வரம்பு 0.23. 5 வைத்தால் 0.15. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் கிடைக்கும் லாபம் பெரிது. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் அவ்வளவு இல்லை. கணக்கு இதுதான்: விலக்கம் × √(2 ÷ பாட்டில் எண்ணிக்கை) × டி-அட்டவணை மதிப்பு. 2 பாட்டிலுக்கு டி 4.303, 3க்கு 2.776, 5க்கு 2.306.

எவ்வளவு நேரம் தொங்கவிடுவது என்பதும் இந்த வரம்பிலிருந்தே வரும். சுவாசம் மணிக்கு 0.2 மி.கி. இருக்கும் என்று தோன்றும் குளத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், கிடைப்பது வரம்புக்குள்ளேயே மறைந்துபோகும். நான்கு மணி நேரம் வைத்தால் 0.8; தாராளம். மணிக்கு 0.02 மட்டுமே குறையும் தெளிந்த மலை ஏரியில் நான்கு மணி நேரம் வீண்; அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அப்படியே 24 மணி நேரம் வைத்துவிடலாமே என்றால், பாட்டிலின் உட்சுவரில் பாக்டீரியா ஒட்டி வளரத் தொடங்கும். அப்போது அளப்பது குளத்தின் சுவாசத்தை அல்ல, கண்ணாடியின் மேல் வளர்ந்ததன் சுவாசத்தை.

கரைசல்கள்

ஆக்சிஜனைக் கட்டி அளக்கும் முறை ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்லர் 1888இல் தந்தது. மாங்கனீசு ஆக்சிஜனைப் பிடித்து வீழ்படிவாகும்; அமிலம் விட்டால் அதற்கு ஈடான அயோடின் வெளிவரும்; அந்த அயோடினைத் தயோசல்ஃபேட்டால் அளக்கிறோம். நகரக் குளங்களில் அளவைக் கெடுக்கும் நைட்ரைட் இருக்கும் என்பதால், அதை நீக்கும் அசைடு சேர்த்த வடிவம்தான் வேண்டும்.

மாங்கனஸ் சல்ஃபேட்: ஒரு நீர் மூலக்கூறு கொண்ட உப்பானால் 364 கிராம், நான்கு கொண்டதானால் 480 கிராம், காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கி வடிகட்டவும். டப்பாவின் லேபிளைப் பார்க்காமல் எடை போட்டால் செறிவு தப்பும். நல்லவேளையாக இந்தக் கரைசல் எப்போதும் தேவைக்கு மிஞ்சித்தான் இருக்கும், முடிவு கெடாது.

காரம்-அயோடைடு-அசைடு: 500 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 150 கிராம் பொட்டாசியம் அயோடைடு (சோடியம் அயோடைடானால் 135), கரைத்து 1 லிட்டர். ஹைட்ராக்சைடு கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். பனிக்கட்டித் தொட்டியில் பீக்கரை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். ஆறிய பிறகு, 10 கிராம் சோடியம் அசைடை 40 மி.லி. நீரில் தனியாகக் கரைத்துச் சேர்க்கவும். அசைடு கடும் நஞ்சு. அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமில வாயு வரும். எனவே புட்டியிலுள்ள இந்தக் கரைசலில் எக்காரணம் கொண்டும் அமிலம் படக் கூடாது. மீந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றவும் கூடாது: செம்பு, ஈயக் குழாய்களில் படியும் அசைடு உப்புகள் வெடிக்கக்கூடியவை.

தயோசல்ஃபேட்: வழக்கமாக 0.025 நார்மல் (செறிவின் அலகு), அதாவது லிட்டருக்கு 6.205 கிராம். 200 மி.லி. மாதிரிக்கு இந்தச் செறிவில் 1 மி.லி. செலவானால் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். கணக்குக்கு வசதிதான். ஆனால் பியூரெட்டின் ஒரு துளி சுமார் 0.05 மி.லி.; ஒரு துளி கூடினாலோ குறைந்தாலோ 0.05 மி.கி. மாறும். சின்ன மாற்றத்தைத் தேடும் வேலையில் இது முரட்டுத்தனம். பாதிச் செறிவில், 0.0125 நார்மலாகச் செய்துகொள்ளுங்கள்: 3.10 கிராம், 1 லிட்டருக்கு. ஒரு துளியின் மதிப்பும் பாதியாகிவிடும். லிட்டருக்கு 16 மி.கி. ஆக்சிஜன் இருந்தாலும் 32 மி.லி.யில் முடியும், 50 மி.லி. பியூரெட் தாங்கும். கெடாமல் இருக்க லிட்டருக்கு 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, பழுப்பு நிறப் புட்டியில் வைக்கவும்.

தயோசல்ஃபேட்டின் சரியான செறிவைக் கண்டு தரப்படுத்துவதற்குப் பல கல்லூரிகளில் டைகுரோமேட்டைத்தான் எடுக்கிறார்கள். அதில் ஐந்து நிமிடம் இருட்டில் காத்திருக்க வேண்டும். கடைசியில் குரோமியத்தின் இளம்பச்சை வேறு கண்ணை ஏமாற்றும். பொட்டாசியம் அயோடேட் இதைவிட மேல்: அடுப்பில் உலர்த்தி ஆறவைத்த உப்பு 0.892 கிராம் 1 லிட்டரில் கரைத்தால் 0.025 நார்மல். 2 கிராம் அயோடைடு கரைத்த 150 மி.லி. நீரில் சில துளி அடர் சல்ஃபியூரிக் அமிலம் விட்டு, 10 மி.லி. அயோடேட் சேர்த்து டைட்ரேட் செய்தால் 0.0125 நார்மல் தயோசல்ஃபேட் சரியாக 20.0 மி.லி. செலவாகும். முடிவில் நிறமே இல்லை, சந்தேகமும் இல்லை.

ஸ்டார்ச்: 2 கிராம், 100 மி.லி. சூடான நீரில், கெடாமலிருக்க 0.2 கிராம் சாலிசிலிக் அமிலம். சமையலறைச் சோளமாவு வேண்டாம். கரையும் ஸ்டார்ச் வாங்குங்கள்.

பாட்டில்

300 மி.லி. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டில், தேய்த்த கண்ணாடி மூடி, மூடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் அகன்ற வாய். ஒரு ஆழத்துக்கு ஒன்பது, உடைந்தால் மாற்ற இரண்டு மூன்று. மூடிகள் மாறிவிடாமல் பாட்டிலிலும் மூடியிலும் ஒரே எண் எழுதுங்கள். பாட்டிலின் கொள்ளளவு 292 ஆக இருந்தாலும் 304 ஆக இருந்தாலும் இந்த முறையில் கவலை இல்லை, ஏனென்றால் அதிலிருந்து அளந்து எடுத்த 201 மி.லி.யைத்தான் டைட்ரேட் செய்யப்போகிறோம். 125 மி.லி. பாட்டிலை முழுதாக டைட்ரேட் செய்கிறவர்கள் மட்டும் ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் கொள்ளளவு கண்டாக வேண்டும்.

201 ஏன்? இரண்டு கரைசல்களும் சேர்ந்து 2 மி.லி. தண்ணீரை வெளியே தள்ளிவிட்டன. 200 மி.லி. அசல் தண்ணீருக்கு ஈடாக 200 × 300 ÷ 298, அதாவது 201 மி.லி. எடுக்க வேண்டும்.

இருட்டுப் பாட்டிலுக்குக் கறுப்புப் பெயின்ட் மட்டும் நம்பகமானது அல்ல. கீறல் விழுந்த இடத்தில் வெளிச்சம் புகும். இரண்டு சுற்று அலுமினியத் தாள், அதன் மேல் கறுப்பு மின்நாடா. ஓட்டை எப்போதும் கழுத்திலும் மூடியிலும்தான் இருக்கும், அங்கே தனித் தொப்பி போல ஒரு தாள். நாடா சுற்றிய பாட்டில் கரையில் வெயிலில் கிடந்தால் உள்ளே வேகமாகச் சூடேறும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.

குளத்தில்

காலை ஏழு மணி வாக்கில் தொடங்குவது நல்லது. இரவெல்லாம் சுவாசம் நடந்து ஆக்சிஜன் தாழ்ந்திருக்கும். 30 டிகிரி செல்சியஸில் நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.56 மி.கி. மட்டுமே (25 டிகிரியில் 8.26). பச்சைக் குளம் நண்பகலில் இதைப்போல இரு மடங்குக்குப் போய்விடும். அந்த நிலையில் வெளிச்சப் பாட்டிலைத் தொங்கவிட்டால் உள்ளே குமிழிகள் கட்டும். குமிழியாகப் பிரிந்த ஆக்சிஜன் மூடியைத் திறக்கும்போது ஓடிவிடும். உற்பத்தி குறைத்துக் காட்டப்படும். எடுக்கும்போது வெளிச்சப் பாட்டிலில் குமிழி தெரிந்தால் அந்த எண்ணை ‘குறைந்தபட்சம்’ என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள்.

முதலில், நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு: 20 செ.மீ. விட்டம், கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள். மறையும் ஆழத்தையும் திரும்பத் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கவும். பாசி மண்டிய குளத்தில் இது 30 செ.மீ.கூட இருக்காது, அங்கே மேற்பரப்புக்குக் கீழே 10 செ.மீ. ஒன்று, செக்கி ஆழத்தில் ஒன்று என இரண்டு தளம் போதும்.

தண்ணீரைத் தேவையான ஆழத்திலிருந்து காற்று கலக்காமல் 20 லிட்டர் கேனில் பிடியுங்கள். கேனை நீருக்குள் சாய்த்துக் குடுகுடுவென நிரப்பினால் ஆக்சிஜன் அங்கேயே மாறிவிடும்; வாயில் குழாய் செருகி, காற்று வெளியேற இன்னொரு குழாய் வைத்து மெதுவாக நிரப்ப வேண்டும். கொசுப்புழுவும் நீர்த்தெள்ளும் இருந்தால் 200 மைக்ரான் வலையை நீருக்குள்ளேயே வாயில் கட்டிவிடுங்கள். ஒரு பாட்டிலில் நாலு புழு, இன்னொன்றில் ஒன்றுமில்லை என்றால் இருட்டுப் பாட்டில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே போகாது.

கேனிலிருந்து சிலிகான் குழாய் வழியே சைஃபன். குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். நிரம்பிய பிறகும் நிறுத்தாமல், பாட்டில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வழிய விட்டு, குழாயை மெல்ல உருவி, மூடியைச் சாய்த்துச் செருகுங்கள். பாட்டிலைக் கவிழ்த்துக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு குமிழியில் சுமார் 0.11 மி.லி. காற்று, அதிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் கரைந்தால் 300 மி.லி. பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 0.1 மி.கி. கூடும். ஒத்திகையில் கண்ட திட்ட விலக்கம் அவ்வளவுதானே. ஒரு குமிழி உங்கள் பிழையை இரட்டிப்பாக்கப் போதும். அப்படி வந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

நிரப்பும் வரிசையில் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று முதல், பிறகு மூன்று வெளிச்சம், பிறகு மூன்று இருட்டு என்று நிரப்பினால், கேனில் பாசி படியப் படிய முதல் பாட்டில்களும் கடைசிப் பாட்டில்களும் வேறு வேறு தண்ணீராகிவிடும். அந்த வேறுபாடு ‘சுவாசம்’ என்ற பெயரில் கணக்கில் ஏறும். கேனை அவ்வப்போது மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, முதல்–வெளிச்சம்–இருட்டு, வெளிச்சம்–இருட்டு–முதல், இருட்டு–முதல்–வெளிச்சம் என்று சுற்றி நிரப்புங்கள். படிதலின் விளைவு மூன்று வகைக்கும் சமமாகப் பங்கிடப்படும். செலவில்லாத திருத்தம் இது.

வெளிச்சம், இருட்டு ஆறையும் மூங்கிலில் நைலான் கயிற்றால் படுக்கைவாட்டில் கட்டி, இரண்டு முனைக்கும் காலிக் கேன் மிதவை, நடுவில் கல் எடை. படுக்கைவாட்டம் எதற்கென்றால், நின்றால் மூடியின் நிழல் பாட்டிலுக்குள் விழும். இருட்டுப் பாட்டில் வெளிச்சப் பாட்டிலுக்கு மேலே தொங்கக் கூடாது. படகின் நிழல், படித்துறையின் நிழல், மரத்தின் நிழல் நான்கு மணி நேரத்தில் எங்கே நகரும் என்பதையும் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். நீரின் வெப்பநிலையைத் தொங்கவிடும்போதும் எடுக்கும்போதும் குறியுங்கள்.

கட்டுதல்

முதல் பாட்டில்களைக் கரையிலேயே உடனே கட்ட வேண்டும். மூடியைத் திறந்து மாங்கனஸ் சல்ஃபேட் 1 மி.லி., பிறகு காரம்-அயோடைடு-அசைடு 1 மி.லி.; பிப்பெட் நுனி நீர்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பிப்பெட் ஒருபோதும் வேண்டாம். குமிழி புகாமல் மூடி, பதினைந்து இருபது தடவை கவிழ்த்துக் கலக்கவும். பழுப்பு வீழ்படிவு வரும். ஆக்சிஜன் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. இருட்டுப் பாட்டிலில் வெள்ளை வந்தால் அந்தக் குளத்துக்கு நேரம் அதிகம். சுவாசம் எப்போது நின்றது என்று தெரியாததால் மணிக் கணக்கு போட முடியாது.

வீழ்படிவு பாதிப் பாட்டில் அளவுக்கு இறங்கியதும் மறுபடி கலக்கவும், மறுபடி இறங்க விடவும். இரண்டாவது கலக்கலைத் தவிர்ப்பவர்கள் தொடர்ந்து குறைவான எண்ணையே பெறுகிறார்கள். வாயில் தண்ணீர் நிற்க வைத்து, நிழலில், முடிந்தால் வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு வையுங்கள். அமிலம் இப்போது வேண்டாம்.

நேரம் முடிந்ததும் வெளிச்சம், இருட்டுப் பாட்டில்களையும் இதேபோல் கட்டி, ஒன்பதையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அன்றே, ஒரே ஆள், ஒரே பியூரெட், ஒரே தயோசல்ஃபேட் கொண்டு, வகைகளைக் கலந்து டைட்ரேட் செய்யுங்கள். காரணம் எண்ணில் பார்த்தால் விளங்கும். தயோசல்ஃபேட்டின் செறிவு 2 சதவீதம் தப்பாக இருக்கட்டும். எல்லாப் பாட்டிலுக்கும் அதே கரைசல் என்றால் 0.80 என்ற வேறுபாட்டில் பிழை 0.016, கண்ணுக்குத் தெரியாது. முதல் பாட்டில்களைக் காலையில் பழைய கரைசலிலும் மற்றதை மாலையில் புதுக் கரைசலிலும் டைட்ரேட் செய்தால், 6.25இன் 2 சதவீதமான 0.125 அப்படியே வேறுபாட்டில் உட்காரும், 0.80இல் அது ஆறில் ஒரு பங்குக்கு அருகில். எல்லாப் பாட்டிலிலும் ஒரே திசையில் வரும் பிழையைக் கழித்தல் தானாகவே நீக்கிவிடும். பாதி வழியில் எதையாவது மாற்றினால் அந்த வசதி போய்விடும்.

டைட்ரேஷன்

அடர் சல்ஃபியூரிக் அமிலம் 1 மி.லி., பாட்டிலின் கழுத்து வழியே. மேலே வழியும் தெளிந்த நீரில் வீழ்படிவு இல்லை என்றால் நட்டம் ஏதுமில்லை. அதனால்தான் படிய விட்டோம். மூடிக் கலக்கினால் வீழ்படிவு முழுதும் கரைந்து, தேன் நிறத்தில் அயோடின் நிற்கும். துகள் மிஞ்சினால் இன்னும் சில துளி அமிலம். அமிலம் விட்டபிறகு பாட்டிலை வரிசையில் காக்க வைக்காதீர்கள், அயோடின் ஆவியாகும். ஒரு பாட்டிலுக்கு அமிலம், உடனே அதன் டைட்ரேஷன், பிறகு அடுத்தது. ஜன்னல் வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத மேசை.

201 மி.லி.யைக் கூம்புக் குடுவையில் ஊற்றி, தயோசல்ஃபேட்டை வைக்கோல் நிறம் வரும்வரை விடுங்கள். அதன் பிறகே ஸ்டார்ச் 1 மி.லி. அயோடின் அதிகமாக இருக்கும்போதே ஸ்டார்ச்சை விட்டால் கருநீலமாகப் பிடித்துக்கொண்டு இறுதியில் மெதுவாக விடும். முடிவுப் புள்ளி தாண்டிப் போகும். நீலம் முதல் தடவை மறையும் இடமே முடிவு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப நீலமாவதைத் துரத்தக் கூடாது. மறைந்த உடனேயே, சில நொடிகளுக்குள் திரும்பினால் மட்டும் கவனியுங்கள்: நைட்ரைட் வேலை செய்கிறது, அசைடு போதவில்லை அல்லது பழசாகிவிட்டது.

பாசி அதிகமான மாதிரியில் இறுதி நிறம் சுத்தமான நிறமின்மையாக இருக்காது, லேசான பச்சை மஞ்சள் நிற்கும். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைத்து, ஏற்கனவே முடித்த ஒரு குடுவையைப் பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கழிவு கலக்கும் நீரானால் ஃபெரிக் இரும்பு அயோடினைக் கூட்டிக் காட்டும். அமிலத்துக்கு முன் 40 சதவீதப் பொட்டாசியம் ஃபுளோரைடு 1 மி.லி. விட்டு, அமிலம் விட்டதும் தாமதிக்காமல் டைட்ரேட் செய்யவும்.

கணக்கு

கணக்கு காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள், நான்கு மணி நேரத்துக்கு: முதல் 6.20, 6.25, 6.30, சராசரி 6.25. வெளிச்சம் 9.35, 9.45, 9.55, சராசரி 9.45. இருட்டு 5.30, 5.45, 5.60, சராசரி 5.45.

சுவாசம் 0.80, மணிக்கு 0.20. நிகர உற்பத்தி 3.20, மணிக்கு 0.80. மொத்த உற்பத்தி 4.00, மணிக்கு 1.00. எல்லாம் லிட்டருக்கு மி.கி. ஆக்சிஜன். இத்தோடு நிறுத்தினால் மூன்றும் சம நம்பகம் உள்ளவை போலத் தோன்றும். 95 சதவீத இடைவெளி போட்டுப் பாருங்கள்: மொத்த உற்பத்தி 4.00 ± 0.29, அதாவது 7 சதவீதம். சுவாசம் 0.80 ± 0.25, 30 சதவீதத்துக்கும் மேல். ஒரே கை, ஒரே நாள், ஒரே பாட்டில்கள்தான். கழித்து மிஞ்சியது சின்னதாக இருப்பதே காரணம். போன மாதம் 0.80, இந்த மாதம் 0.65, ஆகவே குளத்தில் சுவாசம் 19 சதவீதம் குறைந்தது என்று எழுதினால் அது வெறும் இரைச்சலுக்குப் பெயர் சூட்டுவது.

இன்னொன்று. முதல் பாட்டிலின் எண் சுவாசத்திலும் நிகர உற்பத்தியிலும் எதிரெதிர்த் திசையில் வருகிறது. குமிழியால் முதல் 0.2 கூடிப்போனால் சுவாசம் 0.2 ஏறும், நிகர உற்பத்தி 0.2 இறங்கும், மொத்த உற்பத்தி அசையாது. ஆகவே பல நாள் பதிவில் சுவாசம் ஏறும்போதெல்லாம் நிகர உற்பத்தி இறங்குவதாகத் தெரிந்தால், உயிரியல் விளக்கம் தேடுவதற்கு முன் முதல் பாட்டில்களைச் சந்தேகியுங்கள். கூடுதலாக இரண்டு பாட்டில் கையில் இருந்தால் அவற்றை ‘முதல்’ வகைக்கே கொடுங்கள். இரண்டு விடைகளில் பயன்படும்.

கார்பனாக மாற்ற 12 ÷ 32, அதாவது 0.375ஆல் பெருக்கி, ஒளிச்சேர்க்கை ஈவு (வெளிவிடும் ஆக்சிஜனுக்கும் பிடிக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள மூலக்கூறு விகிதம்) 1.2ஆல் வகுப்பது வழக்கம். மணிக்கு 1.00 மி.கி. ஆக்சிஜன் என்பது சுமார் 0.31 மி.கி. கார்பன். 1.2 என்பது ஓர் அனுமானம். ஆக்சிஜன் எண்ணையும் சேர்த்தே வெளியிடுங்கள். மணி விகிதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ‘ஒரு நாள் உற்பத்தி’ என்பதும் கூடாது: காலை ஏழு மணி வெயிலும் நண்பகல் வெயிலும் ஒன்றா? சுவாசம் வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒரே அளவு என்பது முறையின் அடிப்படை அனுமானம், அதுவும் முழுக்க உண்மையல்ல. வெளிச்சத்தில் பாசியின் சுவாசம் கூடலாம்.

மூன்று பாட்டில் என்பது எதன் மூன்று?

சாக்கடையைத் திருப்பிவிட்டபின் குளம் மாறியதா என்பது போன்ற கேள்விக்கு மேலே சொன்ன ± போதாது. ஒரே கேனில் பிடித்த மூன்று பாட்டில் கையின் சிதறலைச் சொல்லும். குளத்தின் மூலைக்கு மூலை, நாளுக்கு நாள் உள்ள சிதறலைச் சொல்லாது. ஒரே எலியின் செல்களைப் பத்துக் குழிகளில் வளர்த்துவிட்டுப் ‘பத்து மாதிரி’ என்று எழுதும் மருத்துவ ஆய்வுகளிலும் இதே பிசகுதான். அங்கே மாதிரி எண்ணிக்கை ஒன்று. குளத்துக்கு மாதிரி என்பது நாள். மாற்றத்துக்கு முன் பல நாள், பின் பல நாள், அதோடு சாக்கடை திருப்பப்படாத இன்னொரு குளத்தில் அதே நாட்களில் அதே அளவீடு. இரண்டாவது குளம் இல்லையென்றால் மழையால் வந்த மாற்றத்தையும் வெயிலால் வந்த மாற்றத்தையும் சாக்கடைக் கணக்கில் எழுதிவிடுவோம். பாட்டில் எண்ணிக்கையை மூன்றிலேயே நிறுத்தி, மிச்சமாகும் உழைப்பை நாட்களின் எண்ணிக்கைக்குப் போடுவதுதான் இங்கே லாபம்.

ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் விங்க்லரை விட்டுவிடலாமா? ஒளிர்வு வகை உணரி நல்லது, வேகமானது. சவ்வு வகை, அதாவது கிளார்க் மின்முனை, தானே ஆக்சிஜனைச் செலவழிக்கும். அசையாத பாட்டில் நீரில் எண் இறங்கிக்கொண்டே போகும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவானாலும் ஈரக் காற்றில் சமப்படுத்தி, அதே நாளில் இரண்டு பாட்டில் விங்க்லரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பி.ஓ.டி. எண்களோடு இருட்டுப் பாட்டில் எண்ணை ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தியத் தரத்தில் பி.ஓ.டி. என்பது 27 டிகிரியில் 3 நாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் 20 டிகிரியில் 5 நாள். நான்கு மணி நேரச் சுவாசத்தைப் பெருக்கி இரண்டில் எதையும் அடைய முடியாது.

வேலை முடிந்ததும் பாட்டில்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் பலமுறை அலசுங்கள். பாஸ்பேட் உள்ள சலவைத்தூள் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டும் மிச்சம் அடுத்த முறை பாசிக்கு உரமாகும். இருட்டுப் பாட்டில்களின் நாடாவை மின்விளக்குக்கு நேரே பிடித்து உள்ளிருந்து பாருங்கள்: புள்ளியாக வெளிச்சம் தெரியும் இடத்தில் புது நாடா.